பூதவாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை

என் மகளுக்குத் தூக்கம் வந்தால் இடது காதைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். என் அப்பாவும் அப்படித்தான், டிவி பார்த்துக்கொண்டே காதை இழுத்து இழுத்துத் தூங்கிப்போவார். அப்பா இறந்து பத்தாவது மாதம் மகள் பிறந்தாள். இவ்வளவு போதும் அம்மாவுக்கு. "உங்கப்பாதான்டா வந்திருக்காரு, இதுல என்ன யோசனை?" என்றாள் ஒரு நாள், காய் நறுக்கிக்கொண்டே, ஏதோ பால்காரர் வந்துபோனதைச் சொல்வது மாதிரி. அன்றிலிருந்து பேத்தியிடம் 'வாங்க', 'சாப்பிடுங்க' என்றுதான் பேசுகிறாள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மரியாதை பன்மை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். ஆனால் விளையாட்டுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கடவுள், ஆவி, மறுபிறப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. உலகத்தில் இருப்பதெல்லாம் இயற்கைதான், அதற்கு வெளியே நின்று யாரும் கயிறு இழுப்பதில்லை என்று நினைக்கிற ஆள். இன்ஜினியரிங் படித்ததால் வந்த நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் ரிலீஸ் அன்று சர்வர் அறைக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள். தூக்கம் வந்தால் காதை இழுப்பது நிறையக் குழந்தைகள் செய்வதுதான் என்பதும் தெரியும். ஆனாலும் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பெருந்தன்மையா, கோழைத்தனமா, இல்லை சொல்ல என்னிடம் முழு பதில் இல்லையா என்ற குழப்பத்தில் இருந்தபோதுதான் ஆபீஸ் பஸ்ஸில் மணிமேகலையை மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தேன். 27ஆம் காதையில் என் ஆள் ஒருவன் வந்தான்.

'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யைப் பொதுவாக யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது. மணிமேகலை வஞ்சி நகருக்கு வந்து அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று ஒவ்வொருவராகப் போய் "உன் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். ஒவ்வொருவரும் ஒப்பிக்கிறார்கள். தத்துவ மாணவர்களுக்கு இது பொக்கிஷம். மற்றவர்களுக்கு பவர்பாயின்ட். நானும் இதற்கு முன்பு ஒருமுறை இந்தக் காதையைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். அந்த வரிசையில் கடைசியாக, பத்தாவது ஆளாக நிற்கிறான் பூதவாதி. பூதம் என்றால் பேய் அல்ல, நிலம் நீர் தீ வளி முதலான பூதங்கள். இருப்பவை அவை மட்டுமே என்பவன்.

அவன் பேச்சு சில வரிகள்தான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் இன்ன பிறவற்றையும் சேர்த்து ஊறவைத்தால், அவற்றில் எதிலும் தனித்தனியாக இல்லாத போதை பிறக்கிறது. அதுபோல பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். பூதங்கள் பிரிந்தால் அந்த உணர்வு, பறையின் ஓசை தேய்ந்து இல்லாமல் போவதுபோலப் போய்விடும். கண்ணால் காண்பதே ஆதாரம், அனுமானம் நிற்காது. இந்தப் பிறவியும் இதன் பயனும் இங்கேயே முடிந்துவிடும், மறுமையில் வினையை அனுபவிப்பது என்பதெல்லாம் பொய். உலோகாயதனும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வான் என்று பக்கத்து வீட்டுக்காரனையும் சேர்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

இரண்டு உவமைகளும் எவ்வளவு நல்லவை என்று கவனியுங்கள். சாகும்போது உயிர் எங்கே போகிறது என்று கேட்கிறவனிடம், பறை ஓய்ந்ததும் ஓசை எங்கே போனது என்று திருப்பிக் கேட்கலாம். 'எங்கே' என்ற கேள்வியே அங்கே பொருந்தாது. ஓசை ஒரு பொருள் இல்லை, நடந்துகொண்டிருந்த ஒன்று. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்: மெஷினை அணைத்தபின் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ் எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை. (இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டக்கூடாது. சாஃப்ட்வேர் ஆட்கள் உலகத்தில் எல்லாவற்றையும் சாஃப்ட்வேராகப் பார்க்கிற வியாதி எனக்கும் உண்டு.)

இதே காப்பியத்தில் இன்னொரு இடத்தில் இதே கேள்வி வருகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் கவிழ்ந்து நாகர்களின் தீவில் ஒதுங்குகிறான். கள்ளும் ஊனும் வேண்டாம் என்கிற அவனிடம் நாகர் தலைவன் நேரடியாகக் கேட்கிறான்: உடலை விட்டுப்போன உயிர் இன்னோரிடத்தில் போய்ப் புகும் என்கிறாயே, அது எப்படி? சாதுவன் சொல்கிற பதில், உயிருள்ளபோது உடல் உற்றதை உணர்கிறது, செத்தபின் சுட்டாலும் உணர்வதில்லை, ஆகவே அதிலிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது என்பது. நாகன் காலில் விழுந்துவிடுகிறான். பூதவாதி அந்தத் தீவில் இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டான். அதே பிணத்தைக் காட்டி, ஓசை ஓய்ந்துவிட்டது என்றுதான் நானும் சொல்கிறேன் என்றிருப்பான். ஒரே சாட்சியத்தை இரண்டு பக்கமும் பயன்படுத்த முடியும் என்றால் அது எந்தப் பக்கத்துக்கும் சாட்சியம் இல்லை. சாத்தனாருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பதினோரு காதைகளுக்குப் பிறகு பறையோசை உவமையைப் பூதவாதியின் வாயில் வைத்தவரும் அவர்தானே.

வஞ்சிக்குத் திரும்புவோம். மற்ற ஒன்பது பேரிடமும் கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருந்த மணிமேகலை, பூதவாதியிடம் மட்டும் நின்று வாதாடுகிறாள். இத்தனைக்கும், நீங்கள் சொன்னவை எதுவும் நல்லதில்லை என்றாலும் நான் மறுத்துப் பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, முடியாமல் ஆரம்பிக்கிறாள். முன்பிறப்பை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டுச் சிரிக்கிறாள். அவளுக்கு அவளுடைய முன்பிறப்பு தெரியும்: இலக்குமி என்ற பெண்ணாக இருந்தாள், கணவன் இராகுலன். பூதவாதி அசரவில்லை. தெய்வ மயக்கத்தாலோ கனவாலோ மனம் கலங்கியவர்களுக்கு அப்படியெல்லாம் தோன்றும், வேறொன்றுமில்லை என்கிறான். அதற்கு அவள் போடுகிற போடு புகழ்பெற்றது: உன் தாய் தந்தையர் யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? சந்தேகப்பட மட்டுமே உனக்கு உரிமை, இல்லை என்று சொல்ல உரிமை இல்லை என்பதாக அவள் பேச்சு முடிவதாக நான் வாசிக்கிறேன். பூதவாதி பதில் சொன்னானா என்று காப்பியம் சொல்லவில்லை. காதை முடிந்துவிடுகிறது.

இதைப் பூதவாதியின் தோல்வியாகத்தான் உரைகள் சொல்லிவருகின்றன. நான் இரண்டு மூன்று தடவை திரும்பப் படித்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில், அவள் எப்படி அங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். ஆண் தவசியின் வேடத்தில் நிற்கிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் எந்த அறிஞனும் உனக்குத் தத்துவம் சொல்லமாட்டான், வேற்றுரு எடுத்துக்கொண்டு போ என்று மணிமேகலா தெய்வம் முன்பே சொல்லியிருக்கிறது. (இதை மட்டும் வைத்து ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், மீட்டிங்கில் தங்கள் யோசனையை வேறு ஒருவர் வாயால் சொல்லவைக்கிற பெண் சகாக்களைக் கேட்டுப்பாருங்கள்.) கண்ணால் கண்டதே மெய் என்பவனின் கண்முன்னால், கண்ணை ஏமாற்றும் வேடத்தில் ஒருத்தி நின்று வாதாடுகிறாள். அவனை முறியடிக்க வேறெதுவும் வேண்டியதில்லை, "நான் யார் என்று பார்" என்று வேடத்தைக் கலைத்திருந்தால் போதும். காட்சி அவனைக் கைவிட்டிருக்கும். சாத்தனார் அதைச் செய்யவில்லை. ஆனால் காதையை முடிக்கிற இடத்தில் அவள் வேடத்தில் இருப்பதை மறக்காமல் ஒரு சொல்லில் நினைவூட்டுகிறார். அந்த ஒரு சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. மணிமேகலைக்கு முன்பிறப்பு எப்படித் தெரிந்தது? உவவனத்திலிருந்து தூங்கும்போது மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு வான்வழியாகப் போய் மணிபல்லவத் தீவில் விட்டது. கண்விழித்தாள், தனியாக இருந்தாள், அழுதாள், புத்த பீடிகையைக் கண்டாள், பழம்பிறப்பு தெரிந்தது. காப்பியத்தின் உள்ளே இது நடந்த உண்மை. வெளியே நிற்கிற ஒருவனிடம் இதையே சொல்லிப்பாருங்கள்: சின்னப் பெண், அரசகுமாரன் ஒருவன் துரத்துகிறான், தூங்கினாள், எழுந்தபோது தீவில் இருந்தாள், தெய்வம் வந்தது, முன்ஜென்மம் தெரிந்தது. 'தெய்வ மயக்கம், கனவு' என்று பூதவாதி சொன்னது குருட்டு மறுப்பு அல்ல. அவளுக்கு நடந்ததை அவன் கேட்காமலேயே ஏறக்குறைய சரியாக யூகிக்கிறான், தெய்வமும் தூக்கமும் இருந்தன என்கிற அளவுக்கு. அவன் தோற்பது வாதத்தில் இல்லை. தெய்வங்கள் நிஜமாகவே பறந்துவருகிற ஒரு காப்பியத்துக்குள் பாத்திரமாகப் பிறந்ததுதான் அவன் துரதிர்ஷ்டம்.

நீலகேசியில் இது அப்பட்டமாக நடக்கிறது. சமண நூல், அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தது. அதிலும் பூதவாதிக்குக் கடைசிச் சருக்கம்தான், பத்தாவது. அதன் நாயகி ஒருகாலத்தில் பழையனூர்ப் பேயாக இருந்தவள், சமணத்துக்கு மாறியவள். பேய் பிசாசு எதுவும் இல்லை என்கிற பூதவாதிக்கு அவள் கடைசியில் தன் பேய் உருவத்தைக் காட்டுகிறாள். அவன் நடுங்கிப்போகிறான். கேஸ் முடிந்தது. படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தார். பேயே வந்து நான் இருக்கிறேன் என்றால் எந்த இயற்கைவாதியும் ஒப்புக்கொள்வான், ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அவன் கேட்ட சாட்சியமே அதுதான். நமக்குத்தான் அப்படி யாரும் வந்து காட்டுவதில்லை.

ஆனால் பூதவாதிக்கு வக்கீலாக நான் எல்லாவற்றுக்கும் வாதாடமுடியாது. கண்கூடு மட்டும்தான் ஆதாரம் என்று அவன் சொன்னது தவறு, மணிமேகலை பிடித்த பிடி சரி. அனுமானம் இல்லாமல் நாளை காலை பஸ் வரும் என்றுகூடச் சொல்லமுடியாது. நான் நம்புகிற அறிவியலில் பெரும்பகுதி அனுமானம்தான். எலக்ட்ரானை யார் பார்த்தார்கள்? இங்கே நடந்திருப்பது ஒரு பழைய தந்திரம். இயற்கைக்கு அப்பால் எதுவுமில்லை என்பது ஒரு கொள்கை, கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒருவன் தலையில் கட்டிவிட்டு, இரண்டாவதை உடைத்து முதலாவதும் உடைந்ததாகக் காட்டுவது. சார்வாகர்களிலேயே புரந்தரர் என்பவர், உலக விஷயங்களில் அனுமானம் செல்லும், உலகுக்கு அப்பாற்பட்டவற்றில்தான் செல்லாது என்று சொன்னதாக 8ஆம் நூற்றாண்டு பௌத்தர் கமலசீலர் குறித்துவைத்திருக்கிறார். அப்பா அம்மா யார் என்பதை ஊராரிடம் விசாரித்தும், முகஜாடை பார்த்தும், இன்று டிஎன்ஏ பார்த்தும் அனுமானிக்கலாம், அனுமானம் தப்பானால் தப்பு என்றும் கண்டுபிடிக்கலாம். முன்பிறப்பில் கணவன் யார் என்பதைத் தப்பு என்று நிரூபிக்க எங்கே போவது? புரந்தரர் வஞ்சியில் இருந்திருந்தால் அந்த உரையாடல் இன்னும் பத்துப் பக்கம் போயிருக்கும்.

கவனியுங்கள், புரந்தரரை நாம் அறிவதும் ஒரு பௌத்தர் வழியாகத்தான். இந்த மரபுக்கு நேர்ந்த கதி இது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதர்சன சங்கிரகம் சார்வாகத்தில் தொடங்குகிறது, முதலில் வீழ்த்துவதற்காக. தமிழில் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கமும் உலோகாயதனை முதலில் நிறுத்தி அடிக்கிறது. சாத்தனாரும் நீலகேசி ஆசிரியரும் அவனைக் கடைசியில் நிறுத்துகிறார்கள். முதலிலோ கடைசியிலோ, நடுவில் இல்லை. எதிரிகள் எழுதிய வழக்குக் குறிப்பிலிருந்து குற்றவாளியின் வாக்குமூலத்தைத் திரட்டவேண்டியிருக்கிறது. தமிழில் இந்த ஆள் தன் பேச்சைத் தானே தொடர்ந்து அச்சில் பேசுவதைப் பார்க்க 1882இல் சென்னையிலிருந்து வந்த 'தத்துவ விவேசினி' இதழ் வரை வரவேண்டும்; வீ. அரசு அதைத் தொகுத்துத் தந்ததால்தான் என் தலைமுறைக்கு அது வாசிக்கக் கிடைத்தது.

சரி, வெல்லத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். மணிமேகலை அந்த உவமைக்குப் பதிலே சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முன்பிறப்பைப் பற்றிக் கேட்டாள், அனுமானத்தைப் பற்றிக் கேட்டாள். சேர்க்கையிலிருந்து உணர்வு பிறக்கும் என்கிற மையமான வாதம் தொடப்படாமல் கிடக்கிறது. ஏன்? அவள் பக்கமும் நிலையான ஆன்மா ஒன்றை ஏற்காத பக்கம் என்பதால் இருக்கலாம். பௌத்தம் படைப்புக் கடவுளையும் அழியாத உயிரையும் மறுக்கிறது. காட்சி, அனுமானம் என்று இரண்டே அளவைகளை ஏற்கிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அதைத்தான் விரிவாகச் சொல்லித்தரப்போகிறார். வஞ்சியில் அவள் சந்தித்த பத்துப் பேரில் அவளுக்கு ரொம்ப நெருக்கமானவன் பூதவாதிதான். வினையும் மறுபிறப்பும் என்கிற ஒரு சுவர்தான் நடுவில். ஒன்பது பேரிடம் வராத கோபம் இவனிடம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். தூரத்து ஆட்களோடு யார் சண்டை போடுகிறார்கள்?

வெல்லமும் தாதகிப் பூவும் ஏன் போதையாகின்றன என்பது 19ஆம் நூற்றாண்டு வரை யாருக்கும் தெரியாது. ஆயுர்வேத அரிஷ்டங்களைப் புளிக்கவைக்க இன்றும் தாதகிப் பூ போடுகிறார்கள். 1857இலிருந்து லூயி பாஸ்டர் செய்த சோதனைகள், புளிப்பது வெறும் ரசாயனச் சேர்க்கை அல்ல, ஈஸ்ட் போன்ற உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டின. நம் பூதவாதிக்கு இது பெரிய அடி. உயிரில்லாதவற்றின் கூட்டத்தில் புதிதாக ஒன்று பிறக்கும் என்பதற்கு அவன் காட்டிய பானைக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள் இருந்திருக்கின்றன! ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1897இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்து, முழுச் செல் ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்தார். சர்க்கரை சேர்த்தார். அது புளித்துப் பொங்கியது. உயிரின் தனிச்சக்தி என்று நினைத்தது, செல்லுக்குள் இருக்கும் நொதிகளின் ரசாயனம். 1907இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பூதவாதியின் பானையை நிரபராதி என்று விடுதலை செய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, 1898இல், உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். தற்செயல்தான், இதில் விதி எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

இவ்வளவு சொன்னபிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மணிமேகலை கேட்காததால் நான் கேட்கிறேன். பானைக்குள் இருப்பது ஆல்கஹால். போதை பானையில் இல்லை, குடிக்கிறவனிடம்தான் இருக்கிறது. உணர்வு எப்படிப் பிறக்கிறது என்று விளக்க, உணர்வுள்ள ஒருவனுக்கு மட்டுமே ஏற்படக்கூடிய ஒன்றை உவமையாகச் சொன்னால், விளக்கவேண்டியதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தாயிற்று. பறையோசைக்கும் கேட்கிற காது வேண்டும். மூளையின் எந்தப் பகுதியில் எது கெட்டால் என்ன போகும் என்று இன்று நிறையத் தெரியும். அந்த நரம்புகளின் நடமாட்டம் ஏன் உள்ளே ஒரு வலியாக, வாசனையாக, அப்பாவின் பனியனில் இருந்த விபூதி வாடையின் நினைவாக ஆகிறது என்பதற்கு என் பக்கத்து ஆட்கள் தருகிற விளக்கம் எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. அதற்காக அந்த ஓட்டை வழியாக மறுபிறப்பை உள்ளே விட நான் தயாரில்லை. புளிப்பதற்கும் ஒருகாலத்தில் விளக்கம் இல்லாமல்தான் இருந்தது.

சாத்தனார் மேல் எனக்கிருக்கும் குறை வேறு. வினைப்பயன் இல்லை என்றால் அறம் என்னாவது என்ற பயம்தான் அவரைப் பூதவாதியைக் கடைசியில் நிறுத்தவைத்தது என்று வைத்துக்கொண்டால், அவருடைய சொந்தக் காப்பியமே அந்தப் பயத்துக்குப் பதில். மணிமேகலையில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் முன்பிறப்பு வருவதில்லை. பசித்தவர்கள் வருகிறார்கள். சோறு போடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித்தரும்படி அரசனிடம் கேட்கிறாள். பசி கண்கூடு. பூதவாதியின் அளவையிலேயே தேறுகிற விஷயம். பூதங்கள் சேர்ந்த உடம்பு பூதங்களைக் கேட்கிறது, இன்னொரு உடம்பு கொடுக்கிறது. அமுதசுரபி மட்டும் மாயப் பாத்திரம். அதை எடுத்துவிட்டால் அவ்வளவு சோற்றுக்கு யார் விளைவிப்பது, யார் கூலி கொடுப்பது என்ற கேள்விகள் வந்து சேரும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

போன வாரம் அம்மா மகளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். காது இழுப்பு நடந்துகொண்டிருந்தது. "நீ இதெல்லாம் நம்பமாட்ட, எனக்குத் தெரியும்" என்றாள், என்னைப் பார்க்காமல். நான், "தெரியலம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை, பானைக்கும் குடிக்கிறவனுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓட்டையைத்தான் நினைத்துச் சொன்னேன். ஆனால் அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதைத் திருத்த நான் எதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்மா, அப்பாவுக்கு எந்தக் காது?" என்று கேட்டேன். யோசித்தாள். "வலது காதோ?" என்றாள். எனக்கு இடது என்றுதான் ஞாபகம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மொபைலில் அப்பா டிவி முன்னால் தூங்குகிற ஒரு வீடியோ இருந்தது. தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அதில் இரண்டு கையும் போர்வைக்குள் இருந்தன.